டீச்சருக்கு ஒரு கிழமை, எங்களுக்கு மூன்று நாள்

யூடியூபில் 'எபிக் ஓரியன்டேஷன்' என்று அடித்துப் பாருங்கள். கொரியாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போன வெள்ளைக்கார, கறுப்பின இளம் ஆசிரியர்கள் தங்கட முதல் நாட்களைப் படம் பிடித்துப் போட்ட வீடியோக்கள் வரிசையாக வரும். இஞ்சியோன் விமான நிலையத்தில் பலகை பிடித்துக்கொண்டு ஆள் நிற்பார், வெளியே பஸ் நிற்கும். ஒரு பல்கலைக்கழக விடுதியில் அறை, கழுத்தில் பெயர் அட்டை, கையில் தடித்த புத்தகம். காலையில் விரிவுரை, பின்னேரம் கொரிய மொழி வகுப்பு, இடையில் மருத்துவப் பரிசோதனை, ஒரு நாள் சுற்றுலா. கடைசியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பிறகு மாகாணம் மாகாணமாக பஸ் ஏற்றி, கூடப் படிப்பிக்கப் போகும் கொரிய ஆசிரியரிடம் ஒப்படைப்பார்கள். கால அளவு அவ்வப்போது மாறினாலும் வழக்கமாக ஒரு கிழமைக்கு மேல் ஓடும்.

அதே இஞ்சியோனில் இன்னொரு வரிசையும் இறங்குகிறது. நம்மட ஊர்ப் பொடியன்மார் நிற்கும் வரிசை அது. அவர்களுக்கும் பலகை பிடித்த ஆள் உண்டு, பஸ் உண்டு, பயிற்சி நிலையம் உண்டு. அங்கே மூன்று நாள், இரண்டு இரவு. மொத்தம் 16 மணித்தியாலம் அளவில் பயிற்சி. மூன்றாம் நாள் முடியிற நேரம் முதலாளியோ, அவர் அனுப்பிய ஆளோ வாகனத்தோடு வந்து, பெயரைச் சரிபார்த்து, ஏற்றிக்கொண்டு போவார். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. காரணம், நாங்கள் இருக்கிறது அட்டாளைச்சேனையில். ஆசிரியர் கலாசாலையும், தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிற ஊர். கிழக்கு மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய், "சேர் எங்க படிச்ச?" என்று கேட்டால் "அட்டாளைச்சேனையில" என்ற பதில் வராத ஆசிரியர் அறை குறைவு. இப்பிடிப்பட்ட ஊரில இருந்து கொரியாவுக்கு ஒரு ஆள் போனால் அவர் டீச்சராகப் போகவில்லை. தொழிற்சாலைக்கும் மாட்டுப் பண்ணைக்கும் மீன்பிடிப் படகுக்கும் போகிறார்.

ஏன் டீச்சராகப் போக முடியாது? பாஸ்போர்ட் காணாது. எபிக் என்பது கொரியக் கல்வி அமைச்சின் கீழ் 1995இல் தொடங்கிய திட்டம். அரச பள்ளிக்கூடங்களுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பது ஈ-2 விசா. அதற்கு முதல் தகுதி, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடு என்று கொரியா ஏற்றுக்கொண்ட ஏழில் ஒன்றின் குடிமகனாக இருப்பது: அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. கல்வியியற் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்து மூன்று வருஷம் பயிற்சி முடித்தவரும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து வந்தவரும் அந்தப் படிவத்தின் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் கணக்கியலில் பட்டம் எடுத்த, ஒரு வகுப்பறைக்குள்ளும் நின்றிராத கனடாக்காரர் ஒரு ஒன்லைன் சான்றிதழோடு உள்ளே போகலாம். இந்தியர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு உண்டு. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதி உள்ள ஆங்கில ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அது தானாகத் திறந்த கதவு இல்லை, மேசையில் இருந்து பேரம் பேசித் திறந்தது.

இதை வைத்து அழ வேண்டாம். ஒரு நாடு தனக்கு வேண்டியவர்களைத் தனக்கு வேண்டிய மாதிரி எடுக்கும். எங்கட கேள்வி வேறு. உள்ளே எடுத்த பிறகு முதல் நாட்களில் அந்த ஆளுக்கு என்ன சொல்லிக் குடுக்கிறார்கள்? அந்த ஆளை யார் என்று நினைத்துச் சொல்லிக் குடுக்கிறார்கள்?

டீச்சருக்கு நடக்கிற பயிற்சியைப் பாருங்கள். கொரியப் பிள்ளை ஏன் வகுப்பில் பேசாமல் இருக்கும், கூடப் படிப்பிக்கிற ஆசிரியரோடு பிரச்சினை வந்தால் எப்படிப் பேசுவது, அதிபருக்கு எப்படிக் குனிந்து சலாம் வைப்பது, இரண்டு கையாலும் ஏன் சாமானை வாங்க வேண்டும், வீட்டில் ஹீட்டரை எப்படிப் போடுவது. நீங்கள் இங்கே வாழப் போகிறீர்கள், இந்த மனிசரோடு பழகப் போகிறீர்கள் என்ற எண்ணத்தில் செய்த பயிற்சி. (எல்லா ஈ-2க்கும் இந்த யோகம் இல்லை. 'ஹக்வொன்' என்கிற தனியார் டியூட்டரிகளுக்குப் போகிறவர்கள், ரெண்டு நாள் பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பாடம் எடுத்த கதைகளும் நிறைய இருக்கு.)

ஈ-9 தொழிலாளிக்கு நடக்கிற மூன்று நாளிலும் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. கொரிய மொழி, தொழில் சட்டம், முறைப்பாடு செய்யும் வழி, தொழில் பாதுகாப்பு, காப்புறுதி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் பட்டியலில் உண்டு. போவதற்கு முன்னால் சொந்த நாட்டில் 45 மணித்தியாலம் ஆரம்பப் பயிற்சியும் உண்டு. கடுதாசியில் குறை சொல்ல ஏலாது. வளைகுடாவுக்குப் போன எங்கட வாப்பாமாருக்கும் மாமாமாருக்கும் இதில் கால்வாசி கூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏஜென்சிக்காரன் காசை வாங்கிக்கொண்டு விமானத்தில் ஏற்றிவிட்ட காலம் அது. கொரியாவின் இந்த ஈபிஎஸ் முறை 2004 ஓகஸ்டில் தொடங்கியபோது நோக்கமே இடைத்தரகரை வெட்டி, அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் ஆள் எடுப்பதுதான். முதலில் ஒப்பந்தம் செய்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஆனால் அந்தப் பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது?

கொரியர்களின் படிவங்களில் 'ஸ்ரீலங்கா மொழி' என்று ஒரு மொழி இருக்கிறது. வியட்நாமுக்கு வியட்நாம் மொழி, நேபாளத்துக்கு நேபாள மொழி, ஸ்ரீலங்காவுக்கு ஸ்ரீலங்கா மொழி. அந்த ஸ்ரீலங்கா மொழி சிங்களம். இலங்கையருக்கென்று போடும் கொரிய மொழிப் பாடநூலில் விளக்கம் சிங்களத்தில். பயிற்சி நிலையத்தில் 'ஸ்ரீலங்கா' குழுவுக்கு மொழிபெயர்ப்பு சிங்களத்தில். வெளிநாட்டுத் தொழிலாளர் ஆலோசனை நிலையத்துக்கு 1577-0071 என்று அழைத்து, ஸ்ரீலங்கா மொழியைத் தெரிவு செய்தால் மறுமுனையில் பேசுவதும் சிங்களம். கொரியாக்காரனில் பிழை பிடிக்க முடியாது. ஒரு நாடு, ஒரு மொழி என்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நம்மட அரசாங்கம். 1987இல் 13ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி ஆனது. அது இஞ்சியோன் வரை இன்னும் போய்ச் சேரவில்லை.

தெற்கில் வளர்ந்த தமிழ் பேசுகிற பொடியனுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. அவன் சிங்களத்தில் சமாளிப்பான். அம்பாறைக் கரையில் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது என்று வளர்ந்தவனுக்கு நிலைமை வேறு. பஸ்ஸில் ஏறும் அளவுக்குச் சிங்களம் தெரியும். "வேலையிடத்தை விட்டு விலகினால் ஒரு மாதத்துக்குள் தொழில் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புது இடம் அமைய வேண்டும், இல்லாவிட்டால் விசா போய்விடும்" என்ற வசனத்தை, விமானத்தில் நித்திரை இல்லாமல் வந்து இறங்கிய களைப்பில், சிங்களத்தில் கேட்டு மனதில் பதிக்கிற அளவுக்குத் தெரியாது. மூன்று நாளில் அரைவாசி அவனுக்குச் சத்தமாகத்தான் கடந்து போகும்.

அதில் தவறவிடும் விஷயங்கள் சின்ன விஷயங்கள் இல்லை. சிலதைச் சொல்கிறோம்.

ஈ-9 விசாவில் போனவர் விரும்பிய நேரம் வேலை மாற முடியாது. முதல் மூன்று வருஷத்தில் மூன்று தடவைதான், அதுவும் முதலாளி சம்மதிக்க வேண்டும் அல்லது சட்டத்தில் சொன்ன காரணம் இருக்க வேண்டும். சம்பளம் தராமல் இழுப்பது, அடிப்பது, தங்குமிடம் மோசமாக இருப்பது போன்றவை அந்தக் காரணங்களுக்குள் வரும். தொழிலாளியின் பிழை இல்லாமல் நடந்த மாற்றம் அந்த மூன்றுக்குள் எண்ணப்படாது. ஆனால் நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. படம் எடுத்தோ, சம்பளச் சீட்டை வைத்தோ, யாரிடமாவது எழுத்தில் முறையிட்டோ வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு அநியாயம் என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். 2011இலும் 2021இலும் நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்றே சொன்னது. ஆகவே இது இப்போதைக்கு மாறாது என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்தது, விவசாயம், கால்நடை, மீன்பிடி. கொரியத் தொழில் நியமச் சட்டத்தின் 63ஆவது பிரிவு இந்தத் துறைகளுக்கு வேலை நேரம், இடைவேளை, விடுமுறை பற்றிய விதிகளில் இருந்து விலக்குக் கொடுக்கிறது. தொழிற்சாலைக்குப் போனவனுக்கு ஓவர்டைம் கணக்கு ஒரு மாதிரி, பன்றிப் பண்ணைக்கோ வெங்காயத் தோட்டத்துக்கோ போனவனுக்கு வேறு மாதிரி. ரெண்டு பேரும் ஒரே பரீட்சை எழுதி, ஒரே விமானத்தில் போயிருப்பார்கள். "அவனுக்கு அவ்வளவு வருது, உனக்கு ஏன் வருகுதில்ல?" என்று உம்மா போனில் கேட்பா. பதில் அந்தப் பிரிவில் இருக்கிறது.

பிறகு காசு. தொழிலாளி ஒரு இடத்தில் ஒரு வருஷமாவது வேலை செய்தால், முதலாளி கட்டிவந்த 'வெளியேறும் காப்புறுதி' அவருக்கு வர வேண்டும். நம்மட நாட்டுச் சேவைக்காலப் பணம் மாதிரி. 2014இல் சட்டத்தை மாற்றி, நாட்டை விட்டுப் போன பிறகுதான் அதைக் கொடுப்பது என்று ஆக்கினார்கள். விமான நிலையத்திலேயே எடுக்க வழி இருக்கிறது, ஊருக்கு வந்தும் கேட்கலாம். ஆனால் மூன்று வருஷம் தாண்டினால் தலையிடிதான். தொழிலாளி தானே கட்டிய 'திரும்பும் செலவுக் காப்புறுதி' வேறாக இருக்கிறது. யாரும் கேட்டு வராமல் தூங்குகிற காப்புறுதிப் பணம் என்று கொரியாவில் ஒரு தனிக் கணக்கே உண்டு. அது யாரோ ஒருவருடைய பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு.

இதையெல்லாம் விட உயிர் இருக்கிறது. 2020 டிசம்பரில் போச்சொன் பகுதியில், பயிர் வளர்க்கும் பொலித்தீன் கூடாரத்துக்குள் அமைத்த தங்குமிடத்தில் ஒரு கம்போடியப் பெண் தொழிலாளி கடுங்குளிர் இரவொன்றில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் அப்படியான தங்குமிடம் கொடுப்பவர்களுக்கு ஆள் தர மாட்டோம் என்று அரசாங்கம் சொன்னது. 2024 ஜூன் 24இல் ஹ்வாசொங் நகரில் லித்தியம் பற்றரித் தொழிற்சாலை எரிந்து 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் ஈ-9 வழியாக வந்தவர்கள் இல்லை, ஏஜென்சி மூலம் அன்றாடம் கொண்டுவரப்பட்டவர்கள். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை என்பது விசாரணையில் வந்தது. 2025 ஜூலையில் நாஜு நகரத்துச் செங்கல் தொழிற்சாலை வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஒரு இலங்கைத் தொழிலாளியைக் கல் கட்டோடு சேர்த்துக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கி, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது பெப்ரவரியில் நடந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் வெளியில் வந்தது. நாட்டின் ஜனாதிபதியே கண்டித்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த ஐந்து மாதத்தை நாங்கள் யோசிக்கிறோம். யாரிடம் சொல்வது, எந்த மொழியில் சொல்வது, சொன்னால் விசா போகுமா என்று தெரியாத ஒரு ஆளுக்கு ஐந்து மாதம் எவ்வளவு நீளம்?

ஒருவர் கேட்கலாம்: டீச்சர் வேலைக்கு நிறையப் பழக வேண்டியிருக்கு, பட்டன் அமுக்கிற வேலைக்கு மூன்று நாள் காணாதா? இந்தக் கேள்வியை ஊரிலும் கேட்டிருக்கிறோம். பிழையாகப் பாடம் எடுத்த டீச்சருக்கு அன்றைக்குக் கிடைப்பது ஒரு மோசமான நாற்பது நிமிஷம். பிழையாக பிரெஸ் மெஷினில் கை வைத்தவனுக்குக் கிடைப்பது வேறு. கூடுதலான பயிற்சி யாருக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடக் கணக்குத் தேவையில்லை.

இன்னொரு பழைய கதை இதற்குள் வருகிறது. கொரியாவுக்கு அரசாங்க அழைப்பில் ஆரம்ப காலத்திலேயே போன வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களில் மூன்று அமெரிக்கர்கள் உண்டு. 1886இல், அரசர் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கு. அதில் ஒருவர் ஹோமர் ஹல்பர்ட். அவருக்கு யாரும் ஓரியன்டேஷன் வைக்கவில்லை. அவராகவே கொரிய மொழியைப் படித்து, சில வருஷத்துக்குள் கொரிய எழுத்திலேயே உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை எழுதினார். எங்களுக்கு வேண்டிய இடம் இனித்தான்: 1905இல் அவர் கொரிய மொழி இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு சியோலில் ஒரு புத்தகம் போட்டார். ரெண்டும் ஒரே குடும்பம் என்ற அவர் முடிவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. 'அப்பா', 'ஒம்மா' என்று சில சொல்லைக் காட்டி "தமிழன்தான் கொரியனுக்குத் தாய்மாமன்" என்று வாட்ஸப்பில் வரும் செய்திகளையும் நாங்கள் நம்பவில்லை.

ஆனால் வசன அமைப்பில் அவர் கண்டது பொய் இல்லை. "நானுன் ஹக்க்யோஎ காயோ." நான், பள்ளிக்கூடத்துக்கு, போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'உக்கு' வருகிற இடத்தில் அவர்களுக்கு 'எ'. வினை கடைசியில். மரியாதைக்கு 'ங்க' சேர்க்கிற மாதிரி அவர்களுக்கு 'யோ'. முதலாளி 'சஜங்', மரியாதையாகக் கூப்பிட்டால் 'சஜங்நிம்'. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பழக்கம் எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அமெரிக்க டீச்சர் ஓரியன்டேஷனில் முக்கால் மணித்தியாலம் விளங்காமல் விழிக்கிற இந்த விஷயம், காக்கா, ராத்தா, மச்சான் என்று வளர்ந்த அட்டாளைச்சேனைப் பிள்ளைக்கு அரை நிமிஷம். தமிழ் வழியாகக் கொரியம் படிப்பித்தால் எவ்வளவு லேசு!

அப்படிப் படிப்பிக்கிறார்களா? வகுப்புகள் இருக்கின்றன. கல்முனைப் பக்கம் சுவர் முழுக்க விளம்பரம். ஆனால் பெரும்பாலான வகுப்புகளின் இலக்கு பரீட்சை. ஈபிஎஸ்-டொபிக் என்பது கேட்டல், வாசித்தல் என்ற ரெண்டு பகுதி கொண்ட, விடையைத் தெரிவு செய்கிற பரீட்சை. வாய் திறந்து பேசாமலே அதில் பாஸ் பண்ணலாம். ஆகவே கேள்வித் தொகுதியை மனப்பாடம் பண்ணு, படத்தைப் பார், விடையைக் குறி. சிங்கள விளக்கத்தைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டு படித்த பொடியன்மாரையும் எங்களுக்குத் தெரியும். இவ்வளவு காசு கட்டி, இவ்வளவு மாதம் கல்முனைக்கும் ஊருக்கும் பஸ்ஸில் அலைந்து, கடைசியில் அங்கே போய் முதல் நாள் காதில் விழுகிற சொல் 'பல்லி பல்லி'. சுவரில் இருக்கிற பல்லி இல்லை, கெதியா கெதியா என்று அர்த்தம். எல்லாரும் முதலில் படிக்கிற கொரியம் அதுதான்.

பரீட்சையில் வராத, நமக்கு வேண்டிய வசனங்களும் இருக்கின்றன. "துவேஜிகோகி மொன் மொகொயோ": பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன். வேலைத்தலச் சாப்பாட்டு அறையில் முதல் நாளே தேவைப்படுகிற வசனம். கொரியாவில் கம்பெனி இரவுச் சாப்பாடு என்பது ஒரு சடங்கு. இறைச்சி சுடுவார்கள், சோஜு ஊற்றுவார்கள், முதலாளி தன் கையால் கோப்பையை நீட்டினால் வாங்காமல் இருப்பது அவமரியாதை என்று நினைப்பார். அங்கே எழும்பிப் போகாமல், முகம் கோணாமல், ரெண்டு கையாலும் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, காரணத்தைச் சிரித்துக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். ஜும்ஆவுக்கு நேரம் கேட்பது எப்படி, நோன்பு மாதத்தில் இரவு ஷிஃப்ட் கேட்பது எப்படி, சியோலில் 1976இலிருந்து பெரிய பள்ளிவாசல் இருந்தாலும் தூரத்து ஊர்த் தொழிற்சாலையில் இருந்து அங்கே போகக் கிடைக்காது என்பது, இதையெல்லாம் கொரியப் பயிற்சி நிலையம் சொல்லாது. சொல்லவும் தேவையில்லை. அது எங்கட வேலை.

ஊரில் ஒரு பேச்சு உண்டு: "கொரியாக்குப் போறவன் படிக்காதவன், படிச்சவன் டீச்சர்." அந்த நினைப்பு எங்களுக்குள் இருக்கும் வரைக்கும் இந்தப் பயிற்சியை யாரும் பெரிதாக எடுக்கப் போவதில்லை. உண்மையில் இன்றைக்கு அந்த வரிசையில் நிற்பவர்களில் உயர்தரம் எழுதியவர்கள், பட்டம் முடித்து நியமனம் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். 2022க்குப் பிறகு ஒரு டீச்சருடைய சம்பளத்தில் வீட்டு வாடகையும் பால்மாவும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால் டீச்சர்மாரே கொரியாப் பரீட்சைப் படிவத்தைப் பார்ப்பார்கள்.

டீச்சரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நம்மட நாட்டில் புதுசாக நியமனம் பெறும் டீச்சருக்கு முதல் நாட்களில் என்ன கிடைக்கிறது? கல்வியியற் கல்லூரிக்காரர் பரவாயில்லை. ரெண்டு வருஷம் கல்லூரி, ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கட்டுறுபயிற்சி. நேரடியாக நியமனம் பெறும் பட்டதாரிக்கு? கடிதத்தைக் கையில் வாங்கி, தெரியாத ஊரில் இறங்கி, அதிபரிடம் கையொப்பம் வைத்தால், "ஒன்பதாம் வகுப்பில ஆள் இல்ல, போங்க" என்று வெண்கட்டியைக் கையில் தருவார்கள். பட்டப்பின் டிப்ளோமா பிறகு, வருஷக் கணக்கில் பிறகு. கொரியா வெளிநாட்டு டீச்சருக்குக் கொடுக்கிற ஒரு கிழமையை நம்மட கல்வி அமைச்சு உள்ளூர் டீச்சருக்குக் கொடுத்தால், மலையகத்துக்கும் வன்னிக்கும் போய் முதல் மாதமே இடமாற்றம் கேட்கிறவர்களில் சிலராவது நிற்பார்கள் என்பது எங்கட எண்ணம். இதை இன்னொரு கட்டுரையில் எழுத வேண்டும்.

கொரியாவுக்கு வருவோம். கேட்க வேண்டியதை ரெண்டு இடத்தில் கேட்க வேண்டும்.

ஒன்று கொழும்பில். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொரியாவோடு இருந்து பேசும் மேசையில், 'ஸ்ரீலங்கா மொழி' என்பது ரெண்டு மொழி என்று சொல்ல வேண்டும். பாடநூலுக்குத் தமிழ்ப் பதிப்பு, மூன்று நாள் பயிற்சியில் தமிழ் மொழிபெயர்ப்பு, ஆலோசனைத் தொலைபேசியில் தமிழ் பேசும் ஒரு ஆள். கொரியாவில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்று சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஆராய்ச்சி மாணவர்கள் மட்டுமே எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்! நம்மட பாராளுமன்ற உறுப்பினர்கள் தேர்தலுக்குத் தேர்தல் "கொரியா வேலை எடுத்துத் தாறன்" என்று சொல்வதை விட, இந்த ஒரு கோரிக்கையைக் கையில் எடுத்தால் நாங்கள் கைதட்டுவோம். வேலை எடுத்துத் தருவது அவர்கள் கையில் இல்லை, அது பரீட்சையும் முதலாளியின் தெரிவும். மொழி கேட்பது அவர்கள் கையில் இருக்கிறது.

மற்றது இங்கே, ஊரில். கொரியாவில் நாலு வருஷம் பத்து மாதம் இருந்து திரும்பிய காக்காமார் இந்தக் கரை முழுக்க இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், வயல் செய்கிறார்கள். அவர்களிடம் இருக்கிற அறிவு கல்யாண வீட்டுக் கதையாகவே கரைந்து போகிறது. இன்னொரு பக்கம், ஒரு விஷயத்தை எப்படிப் பாடமாக்குவது, எதை முதல் சொல்வது, எதைச் செய்து காட்டச் சொல்வது என்பதைத் தொழிலாகப் படித்தவர்கள் நம்மட ரெண்டு கல்லூரி மதிலுக்குள்ளும் இருக்கிறார்கள். இந்த ரெண்டு கூட்டமும் ஒரு மேசையில் இருந்ததாக நாங்கள் காணவில்லை. எபிக் பயிற்சியின் கடைசியில் டீச்சர்மாருக்கு மாதிரிப் பாடம் நடத்தச் சொல்வது போல, நாங்கள் ஒரு மாதிரி முறைப்பாடு நடத்திப் பார்க்கலாம். ஒருவர் சஜங்நிம், ஒருவர் தொழிலாளி, ரெண்டு மாதச் சம்பளம் வரவில்லை, பேசு பார்ப்போம், கொரியத்தில். கேட்டல் பகுதியில் தொண்ணூறு எடுத்தவனுக்கும் நாக்கு ஒட்டும். ஒட்டட்டும், இங்கேயே ஒட்டட்டும்.

அடுத்த மாதத்திலிருந்து ஒரு சின்ன வேலை தொடங்குகிறோம். மூன்று நாள் பயிற்சியில் சொல்லப்படுகிற விஷயங்களைத் தமிழில், நம்மட பேச்சில், எட்டுப் பக்கத்துக்குள் எழுதப் போகிறோம். முதல் பக்கம் வேலையிட மாற்றம், ரெண்டாம் பக்கம் காப்புறுதி, மூன்றாம் பக்கம் மெஷின் பாதுகாப்புச் சொற்கள் கொரியத்திலும் தமிழிலும். 'ஆபத்து' என்பதற்கு அவர்கள் எழுதும் சொல் 'விஹொம்'. மஞ்சள் பலகையில் அதைக் கண்டால் நிற்க வேண்டும். போய்வந்தவர்களே, உங்களுக்கு அங்கே முதல் கிழமையில் தெரியாமல் போன ஒரு விஷயத்தை மட்டும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எழுத நேரம் இல்லையென்றால் வொயிஸ் போடுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். கம்பெனிப் பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம். எந்தத் துறை, எந்த மாகாணம், என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள். அவ்வளவு போதும்.